நான் சொன்ன மூன்று உண்மைகள்

முகிலனை ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகவிடாமல் தடுத்தது நான்தான்.

சென்ற தை மாதம் வரை அவன் நம்பிக்கொண்டிருந்ததைப் போல அவனுடைய அப்பா அல்ல. குடும்ப நிலைமை அல்ல. நேரமும் காலமும் அல்ல. நான்! "நீங்க இருக்கீங்கங்கற தைரியம்தான் மேடம்" என்று எந்த என்னிடம் சொன்னானோ, அந்த நான்.

இதைப் படிக்கும் நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஒருவேளை இளம் மருத்துவராக இருக்கலாம். "கிளினிக் போடவில்லை, ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்பவராக இருக்கலாம். அப்படியானால் கடைசி வரை படியுங்கள். உங்களுக்காகப் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டவர்களில் என்னைப் போல ஒருத்தி இருக்கக்கூடும்.

தஞ்சாவூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில், நுண்ணுயிரியல் துறையில் பேராசிரியையாக இருக்கிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். தவறு அதனுடையது அல்ல.

நான் ஒழுங்குக்காரி. கல்லூரி நாட்களிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். பெய்த மழை, வந்த விருந்தாளி எதுவும் விடுபட்டதில்லை. இந்த விஷயத்தைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை... அதனால்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பெரிய ஃப்ரீசர் உண்டு. பரிசோதனை முடிந்து மீதமாகும் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, சிறு குப்பிகளில் அடைத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, வருட வாரியாக அதில் வைப்பேன். மற்ற இடங்களில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நான் போடமாட்டேன். "மேடத்தோட ஃப்ரீசர்ல ஐஸ்கூட வரிசையாத்தான் உறையும்" என்று எங்கள் டெக்னீஷியன் செல்வி எல்லோரிடமும் சொல்வாள். எனக்குப் பெருமையாக இருக்கும். அதன் சாவி எப்போதும் என்னிடம்தான்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நிலுவை எனக்குப் பிடிக்காது. வந்த ரத்தம் வந்த அன்றே பார்க்கப்பட்டு, முடிவு எழுதப்பட்டு, கையெழுத்தாகி வார்டுக்குப் போய்விட வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்ற வார்த்தையே என் ஆய்வகத்தில் இருக்கக் கூடாது. இதற்காக என்னைப் பாராட்டாத டீன் இல்லை!

இந்த நல்ல பழக்கம்தான் எல்லாவற்றுக்கும் வேர்.

முகிலன் முத்துப்பேட்டைப் பக்கத்துப் பையன். அப்பா மாரிமுத்து பண்ணை வேலை பார்த்து, பிறகு குத்தகைக்கு நிலம் பிடித்துச் சாகுபடி செய்தவர். அம்மா நடவுக்குப் போனவர். அந்த வீட்டிலிருந்து எம்.பி.பி.எஸ். முடித்து, எங்கள் துறைக்கு டியூட்டராக வந்தான். அவனோடு படித்தவர்கள் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்தார்கள். இவனோ மதியச் சாப்பாட்டை மறந்து ஆய்வக மேசையில் நிற்பான்.

"என்ன டாக்டர் தம்பி, உங்க செட்டெல்லாம் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கிட்டு சுத்துது, நீங்க பிப்பெட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?" என்பாள் செல்வி.

"ஸ்டெத்ல எலி சத்தம் கேக்காதுக்கா" என்பான் அவன்.

எலிக்காய்ச்சல்தான் அவன் பைத்தியம். வயல் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலக்கும். அந்தத் தண்ணீரில் நாளெல்லாம் நிற்பவர்களின் பித்தவெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே போகும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மருந்தில் தீர்ந்துவிடும். விட்டுவிட்டால் சிறுநீரகத்தைத் தின்றுவிடும். நடவு முடிந்த கையோடு எங்கள் வார்டுகளில் காய்ச்சல்காரர்கள் நிறைவது ஒவ்வொரு வருடமும் நடப்பதுதான்.

ஒரு நாள் அவன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். வயல்லேருந்து நேரா வர்றவங்கள்ல இவ்வளவு பேருக்கு நெகட்டிவ் வருதே. எங்கம்மாவுக்கே ஒரு தடவை அப்படித்தான் வந்துச்சு. நெஜமாவே நெகட்டிவா? இல்ல, நாம ரொம்ப சீக்கிரம் பார்த்துடறோமா?"

எனக்குப் பதில் தெரியும்! நாங்கள் செய்யும் பரிசோதனையில், காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாட்களில் எடுத்த ரத்தத்தில் இந்த நோய் பெரும்பாலும் தெரியாது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் ரத்தம் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பாடமாகவே நடத்தியிருக்கிறேன். ஆனால் அப்படிக் கேட்டால் முடிவு ஒரு வாரம் தொங்கும்... நிலுவை! வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டுப் பார்த்தேன். வார்டுகளிலிருந்து அனுப்ப மாட்டார்கள். காத்திருக்கும் பெயர்கள் என் கண்ணை உறுத்தும். மெல்ல மெல்லக் கேட்பதையே விட்டுவிட்டேன். முதல் ரத்தத்தோடு கணக்கை முடித்து, "நெகட்டிவ்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். வருடக்கணக்காக.

அவனிடம், "இருக்கலாம்ப்பா" என்று மட்டும் சொன்னேன்.

அவன் முகம் மலர்ந்தது. "புது முறையில பார்த்தா முதல் நாள் ரத்தத்துலயே கிருமியைப் பிடிச்சுடலாம் மேடம். புதுசா ஆளைத் தேட வேண்டாம். இத்தனை வருஷத்து சீரம் நம்மகிட்டயே இருக்கு. உங்க ஃப்ரீசர் ஒரு புதையல்!"

நான் ஃப்ரீசரைப் பார்த்தேன். அதன் கீழ்த்தட்டில் ஒரு குப்பி இருக்கிறது.

ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த நடவுக்காரப் பெண்ணின் ரத்தம் அது. அவளை நான் பார்த்ததுகூட இல்லை. ஒருமுறை வார்டைக் கடந்து போகும்போது அவள் கணவனைப் பார்த்தேன். அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எலிக்காய்ச்சல் இல்லை என்று என் கையெழுத்தோடு முடிவு போனது. அதை நம்பி வார்டில் மருந்தை மாற்றினார்கள். சில நாட்களில் சிறுநீர் நின்றது. பிறகு அவளும்...

அவளுக்கு என்ன நோய் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. வேறு காய்ச்சலாகவும் இருந்திருக்கலாம் அல்லவா? இருந்திருக்கலாம்! அந்த "லாம்" என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்கினேன். முகிலனின் ஆராய்ச்சி அதைப் பிடுங்கிவிடும்.

வேறு மாநிலத்தில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் அவனைத் தேர்வு செய்தது. உதவித்தொகையும் உண்டு. நேர்முகத்தில் அவன் கேள்வியைக் கேட்ட பெரியவர் ஒருவர், "இது நெல் விளையும் எல்லா ஊருக்கும் வேண்டிய கேள்வி" என்றாராம். பெட்டி நிறைய இனிப்போடு வந்தான். செல்விக்கு ஊட்டிவிடாத குறை. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"வீட்ல ஒத்துக்க மாட்டேங்குறாங்க மேடம். ஊர்ல எல்லாரும், 'டாக்டருக்குப் படிச்சு முடிச்சவன் மறுபடி எதுக்குடா டாக்டர் பட்டம் வாங்கப் போறான், முதல்ல வாங்குனது செல்லாதா'ன்னு அப்பாவைக் கிண்டல் பண்றாங்களாம். வர்ற ஆவணியில திருக்கடையூர்ல அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். நீங்க வந்து அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சுன்னா கேப்பாரு."

ஒரு வார்த்தை! நம் பக்கத்தில் எத்தனை வாழ்க்கைகள் இந்த ஒரு வார்த்தையில் தொங்குகின்றன... பிள்ளை நேரில் கேட்கமாட்டான். தகப்பன் நேரில் மறுக்கமாட்டார். நடுவில் மதிப்புள்ள ஒருவர் நின்று சொல்ல வேண்டும். அந்த ஒருவராக என்னை நிறுத்தினான்.

"கண்டிப்பா சொல்றேன் முகிலா" என்றேன்.

அப்போது நான் பொய் சொன்னேனா? சத்தியமாகத் தெரியவில்லை. சீரத்தைத் தரமாட்டேன் என்று சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்திருந்தேன். ஏன் என்று கேட்பான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. குப்பியைக் கொடுக்காமலிருக்கக் காரணம் கிடைக்கவில்லை... ஆகவே கேட்பவனையே நிறுத்துவது என்று எந்த நொடியில் தீர்மானித்தேன்?

மயிலாடுதுறை தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் குனிந்த முதுகுகள். காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். புழுக்கமாக இருந்தது, இறக்கவில்லை.

கோயிலில் ஒரே கூட்டம். ஒரே நேரத்தில் ஏழெட்டு ஜோடிகளுக்கு அறுபதும் எண்பதும் நடந்துகொண்டிருந்தன. மாரிமுத்துவையும் அவர் மனைவி அஞ்சலையையும் மணைப்பலகையில் உட்கார வைத்து, பிள்ளைகளும் உறவினர்களும் கலசத் தண்ணீரை ஊற்றினார்கள். "டாக்டரம்மா, நீங்களும் ஊத்துங்க" என்று என் கையிலும் ஒரு கலசத்தைக் கொடுத்தார்கள். ஊற்றினேன். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

ஈர வேட்டி மாற்றிக்கொள்ளப் போகும் வழியில், பிரகாரத்தூணின் பக்கம் என்னை நிறுத்தினார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, எனக்கு எழுத்து அவ்வளவா தெரியாதுங்க. நீங்க சொன்னா சரி. இவன் போறேங்குறானே, போகலாமுங்களா?"

நான் மூன்று உண்மைகளைச் சொன்னேன்.

"முடிக்க அஞ்சு வருஷத்துக்கு மேலயும் ஆகலாங்க."

"முடிச்சதும் வேலை நிச்சயம்னு யாராலயும் சொல்ல முடியாது."

"நான் அந்தப் படிப்புப் படிக்கலை. படிக்காமலே புரொபசராத்தான் இருக்கேன்."

ஒன்றுகூடப் பொய் இல்லை! எந்தச் சபையிலும் சத்தியம் செய்யலாம். அவனைப் போல ஒரு பையன் எங்கள் துறைக்கு வந்ததே இல்லை என்று சொல்லவில்லை. உதவித்தொகையைப் பற்றிச் சொல்லவில்லை. அவன் கேட்கும் கேள்விக்கு விடை கிடைத்தால், உங்கள் மனைவியைப் போன்ற பெண்கள் பிழைப்பார்கள் என்று... சொல்லவே இல்லை. சொல்லாமல் விட்டவற்றையெல்லாம் சேர்த்தால் அதுதான் பொய்.

"அப்புறம் எதுக்குங்க அந்தப் படிப்பு!" என்று அவர் சிரித்தேவிட்டார். நெஞ்சுப் பாரம் இறங்கிய சிரிப்பு.

"நான் சொன்னேன்னு தம்பிகிட்ட சொல்ல வேண்டாங்க. வருத்தப்படும்" என்றேன்.

பார்த்தீர்களா? இந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால், ஏதோ அக்கறையில் சொல்லிவிட்டேன் என்று உங்களிடம் வாதாடியிருப்பேன். இது இருக்கிறதே... நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மறுபடியும் தாலி கட்டி முடிந்தது. பிள்ளைகள் காலில் விழுந்தார்கள். முகிலன் விழுந்தபோது மாரிமுத்து அவன் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டார்.

"எந்திரிக்காத. ஒண்ணு கேக்குறேன், தருவியா?"

"என்னப்பா... சொல்லுங்க."

"எங்கயும் போவாத. நம்ம பக்கமே இரு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அஞ்சலை, "நல்ல நாள்ல எதுக்குங்க இதெல்லாம்?" என்று முணுமுணுத்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

முகிலன் தலையைத் திருப்பினான். அந்தக் கூட்டத்தில் என்னைத் தேடினான். இப்போது சொல்லுங்கள் மேடம்... அவன் கண் கேட்டது அதைத்தான்! என் கையில் அட்சதை இருந்தது. குனிந்து அந்த மஞ்சள் அரிசியைப் பார்த்தேன். எத்தனை நேரம் பார்த்தேனோ, நிமிர்ந்தபோது அவன், "சரிப்பா" என்று சொல்லிவிட்டிருந்தான்.

எல்லோரும் அட்சதை போட்டார்கள். நானும் போட்டேன்.

திங்கட்கிழமை வந்து, அவன் எனக்கு ஆறுதல் சொன்னான். "விடுங்க மேடம். நீங்க பேசியும் அப்பா கேக்கலைன்னா யாரு என்ன பண்றது?" நான் அழுதேன். என் அழுகையைப் பார்த்து அவன் மனம் உருகினான்... இதைவிடக் கேவலம் உண்டா, சொல்லுங்கள்!

சில மாதங்களில் வேலையை விட்டுப் போய் ஊர்ப்பக்கமே கிளினிக் வைத்தான். நல்ல கூட்டம். அங்கிருந்து ஒவ்வொரு நடவுக்கும் போன் செய்வான். "மேடம், நெகட்டிவ்னு வந்திருக்கு, ஆனா ஆளைப் பார்த்தா எனக்கு மனசு கேக்கலை." நான், "ஒரு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் அனுப்பு" என்பேன். ஆமாம், அவன் போன பிறகு எங்கள் ஆய்வகத்தில் இரண்டாவது ரத்தம் கட்டாயம் என்று ஆக்கிவிட்டேன். நிலுவைகளைப் பொறுத்துக்கொள்ளப் பழகினேன். சிலர் பிழைத்திருப்பார்கள். அதை என் பக்கத்தில் வரவு வைக்க எனக்கு உரிமை இல்லை. ஒருவனின் கேள்வியைத் திருடி, அதன் பதிலை ஓசையின்றி என் நடைமுறையாக்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஒவ்வொரு போனையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். அப்பா சொல்லியிருப்பாரோ? குரலில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? "மேடம்" என்று எப்போதும் போலத்தான் கூப்பிடுகிறானா? மாரிமுத்து வாக்கைக் காப்பாற்றினார். சென்ற தை மாதம் வரை.

அந்தத் தையில் முகிலன் கட்டிய புதுக் கிளினிக்கில் பால் காய்ச்சினார்கள். என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மாரிமுத்து கொஞ்சம் தளர்ந்திருந்தார். ஆனால் குரல் தளரவில்லை. ஊர்க்காரர்களை இழுத்து வந்து என் முன்னால் நிறுத்தினார்.

"இந்த அம்மா யாரு தெரியுமா? எம் புள்ளையை ஊர்லயே நிறுத்திக் குடுத்தவங்க! வடக்கே போவேன்னு ஒத்தக் கால்ல நின்னான்ல? அன்னைக்கு திருக்கடையூர்ல இந்த அம்மாதான் எனக்குப் புரிய வச்சாங்க. அந்தப் படிப்பு வேண்டாதது, நானே படிக்கலைன்னாங்க. அதையும், நான் சொன்னேன்னு சொல்லாதீங்கன்னாங்க பாருங்க. அந்த மனசு யாருக்கு வரும்?"

எனக்குப் பின்னால் காபித் தட்டோடு முகிலன் நின்றுகொண்டிருந்தான்.

எத்தனை தூரம் கேட்டான் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. டம்ளர் ஒன்று என் முன்னால் வந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"ஆறிடப் போகுது மேடம். குடிங்க."

பந்தியில் அவனே எனக்குப் பரிமாறினான். போதும் என்றாலும் விடாமல், எல்லோருக்கும் செய்வதைப் போலவே. கார் வரை கூடவே நடந்து வந்தான். கதவைத் திறந்துவிட்டுச் சொன்னான்:

"அப்பா சந்தோஷமா இருக்காரு மேடம். அவர்கிட்ட நான் எதுவும் கேக்கப் போறதில்ல."

என் வாயிலிருந்து கேட்பதற்காக நின்றான். அதை நான் உணர்ந்தேன். கார்க் கதவைப் பிடித்திருந்த அவன் விரல்களைப் பார்த்தேன். சொல்லியிருக்கலாம்... அந்தப் பெண்ணைப் பற்றி, கீழ்த்தட்டைப் பற்றி, எல்லாவற்றையும்.

"கிளம்பறேன் முகிலா" என்றேன்.

அதன் பிறகு போன் இல்லை. ஆனால் அவன் கிளினிக்கிலிருந்து ரத்தம் வருகிறது. முதலாவதும், ஒரு வாரம் கழித்து இரண்டாவதும். பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கும் அழகு எனக்குத் தெரியும். நான் கற்றுக் கொடுத்தது.

இதோடு முடிந்திருந்தால்கூட இதை எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் துறையில் எம்.டி. முடிக்கும் நாகூர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள், பர்வீன். கெட்டிக்காரி. பத்து நாட்களுக்கு முன் என் அறைக்கு வந்தாள்.

"மேடம், நான் பி.எச்.டி. பண்ணலாம்னு இருக்கேன். வீட்ல ஓகே சொல்லிட்டாங்க. எலிக்காய்ச்சல்லதான் பண்ணணும்னு ஆசை. முகிலன் சார்கிட்ட பேசினேன். பழைய சீரமெல்லாம் மேடத்தோட ஃப்ரீசர்லயே இருக்கு, போய்க் கேளுங்கன்னாரு."

"வேற ஏதாவது சொன்னாரா?"

"சாவி மேடம்கிட்டதான் இருக்கும்னாரு."

அவ்வளவுதானா? அவனுக்கு என்ன தெரியும்? எவ்வளவு தெரியும்? எல்லாம் புரிந்து அனுப்பினானா, இல்லை, தனக்குக் கிடைக்காதது இவளுக்காவது கிடைக்கட்டும் என்று வெள்ளை மனதோடு அனுப்பினானா? இரண்டில் எது எனக்குப் பெரிய தண்டனை என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்... தெரியவில்லை.

"சாவியை எங்கயோ வச்சுட்டேன்மா. தேடிப் பார்க்கணும்" என்றேன்.

நான் எதையும் தொலைப்பவள் அல்ல என்று இந்தக் கட்டடத்துக்கே தெரியும். "மேடம் சாவியைத் தொலைச்சாங்களா? நாளைக்கு மேற்கால சூரியன் வரும் பாருங்க" என்று செல்வி வராந்தாவில் பர்வீனிடம் சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. பர்வீன் சிரித்த சத்தம் கேட்கவில்லை.

நீங்கள் கேட்பீர்கள்: இவ்வளவையும் எழுதத் தெரிந்தவளுக்கு, ஒரு சாவியை எடுத்துக் கொடுக்க என்ன தடை? அதைத்தான் நானும் கேட்கிறேன்! இவ்வளவையும் எழுதி முடித்தால் கை தானாக நீளும் என்று எண்ணித்தான் உட்கார்ந்தேன்.

இன்று காலையும் அவள் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"கிடைச்சுதா மேடம்?"

"இன்னும் இல்லம்மா" என்றேன். கைப்பைக்குள் என் விரல்கள் சாவியின் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தன.

"பரவால்ல மேடம். நாளைக்கு வரேன்" என்றாள்.